பாடிவிட்டு ஊது: மலாக்கா நாயனமும் ஜாஸ் மனோதர்மமும்

சார்லி மரியானோ 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் வாசித்தார். ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸ் 1963-இல் பதிவு செய்த ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்ற இசைத்தட்டில் மனத்தைப் பிசையும் சாக்ஸபோன் இவருடையது. பாஸ்டனின் பெர்க்லி இசைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். அப்படிப்பட்டவர் 1960களின் நடுப்பகுதியில் கோலாலம்பூருக்கு வந்து மலேசிய வானொலி இசைக்குழுவோடு பணியாற்றினார். அங்கேதான் அவர் காதில் நாதஸ்வரம் விழுந்தது. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் மறுபடி மாணவரானார். சீவாளியை வாயில் வைத்து முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமம் ஒன்றுக்கே போய்த் தங்கிப் பயின்றார். அந்தப் பத்தாண்டில் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுகள் பலவற்றில் நாதஸ்வரம் கேட்கிறது. பெங்களூர்ப் பாடகி ஆர். ஏ. ராமமணியோடும் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் கலைஞர்களோடும் சேர்ந்து அவர் 1983-இல் பதிவு செய்த ‘ஜோதி’ இன்றும் கிடைக்கிறது. 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

ஜாஸில் தேர்ந்த ஒருவருக்கு நம் கோயில் வாத்தியத்தில் கற்க என்ன இருந்தது? இந்தக் கேள்வியை மலேசியத் தமிழர்களாகிய நாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள மலாக்காவில் அதே நாயனம் கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் ஒலிக்கிறது. அதே மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துப் பிள்ளைகள் கீபோர்டும் கிட்டாரும் சாக்ஸபோனும் கற்கிறார்கள். ‘சோலோ’ என்ற தனி வாசிப்புக்கு இடம் வந்ததும் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள், அல்லது மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள். சோலோவுக்கு வலு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நாயனக்காரரின் பயிற்சி முறையில் தெளிவான விடை உண்டு. காது முன்னே போக வேண்டும், விரல் அதன் பின்னே வர வேண்டும். நல்ல ஜாஸ் ஆசிரியர்கள் வேறு வழியாகச் சென்று கண்டுபிடித்ததும் இதைத்தான்.

மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் மனோதர்மம் என்பது அந்த நேரத்து அருள், பிறவியிலேயே வரவேண்டியது என்று நம்மிடையே ஒரு நினைப்பு இருக்கிறது. ஜாஸ் உலகிலும் அந்த நினைப்பு உண்டு. ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் கதை அதை உடைக்கிறது. 1936-இல், பதின்ம வயதுப் பையனாக, கான்சஸ் நகரத்தின் ரெனோ கிளப்பில் பெரியவர்களோடு மேடையேறி வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் வழி தவறிவிட்டார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் தன் தாளத்தட்டு ஒன்றைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப்பகுதி விடுதி ஒன்றில் வேலைக்குப் போன பார்க்கர், சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டு போனார். அவற்றிலிருந்த சோலோக்களை ஒரு சுரம் தப்பாமல் காதால் கேட்டுப் பிடித்தார். ஊர் திரும்பியபோது அவர் வேறு ஆளாகியிருந்தார்.

பிற்காலத்தில் தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் பார்க்கரின் சுமார் 250 சோலோக்களை எழுதியெடுத்து ஆராய்ந்து, 1974-இல் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். அந்தப் பெருவெள்ளத்துக்குள் திரும்பத் திரும்ப வருபவை ஏறத்தாழ நூறு சிறு தொடர்களே என்பது அவர் கண்டது. இரண்டு மூன்று சுரத்தில் முடிபவையும் உண்டு, பத்துப் பன்னிரண்டு சுரம் ஓடுபவையும் உண்டு. ஒவ்வொரு முறையும் அவை வேறு இடத்தில் தொடங்கும், வேறு ஒன்றோடு இணையும், வேறு அழுத்தம் பெறும். நம் சங்கீதக்காரர்களுக்கு இந்தச் செய்தி வியப்பளிக்காது. ராகத்தின் ‘பிடி’ என்று அவர்கள் சொல்வது இதுவே. தோடிக்கு இன்னின்ன பிடி, பைரவிக்கு இன்னின்ன பிடி என்று குரு மாணவருக்குக் கொடுக்கிறார். மாணவர் அவற்றை வாழ்நாள் முழுவதும் இடம் மாற்றி, நீட்டி, சுருக்கி வாசிக்கிறார். புதுமை பிறப்பது சேர்க்கும் விதத்தில்.

சார்லஸ் லிம், ஆலன் பிரான் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட மூளை ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை, காந்தம் பாதிக்காத சிறிய கீபோர்டு ஒன்றோடு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை வாசித்த நேரத்தையும் கற்பனையாக வாசித்த நேரத்தையும் ஒப்பிட்டார்கள். கற்பனையாக வாசித்தபோது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய முன்மூளைப் பக்கப் பகுதிகளின் செயல் தணிந்திருந்தது. ஆறு பேரை வைத்து எதையும் அறுதியிட முடியாதுதான். ஆனாலும் மேடை அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. ‘அடுத்த சுரம் எது, இது சரியா’ என்று மனம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை சோலோ உறைந்தே கிடக்கும். அந்தக் கேள்வியை அடக்கி வைக்கும் துணிவு, விடை ஏற்கெனவே உடம்பில் ஏறியவருக்குத்தான் வரும்.

அது உடம்பில் ஏறும் விதத்தை நாதஸ்வரத்தை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். இரண்டடிக்கு மேல் நீளமுள்ள ஆச்சா மரக்குழல். கீழே அணசு என்ற விரிந்த வாய், மேலே நாணலில் செய்த சீவாளி. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். அதன் கீழே சுருதியைச் சரிப்படுத்த மெழுகு வைத்து அடைத்துக்கொள்ளும் ஐந்து துளைகள். சாக்ஸபோனில் இருப்பது போன்ற சாவிகள் எதுவும் இல்லை. ஏழு துளையில் பன்னிரண்டு சுர நிலைகளையும், அவற்றுக்கு நடுவே ஓடும் கமகங்களையும் கொண்டுவர வேண்டும். விரலைப் பாதி திறப்பது, சீவாளியை உதட்டால் இறுக்குவது, தளர்த்துவது, மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு காந்தாரம் பிறக்கிறது. அந்தக் காந்தாரம் வாசிப்பவரின் மனத்தில் முன்கூட்டியே ஒலிக்காவிட்டால் குழலிலிருந்து வராது, அல்லது வழுக்கிக்கொண்டு வரும். சாக்ஸபோனில் சாவியை அழுத்தினால் காது ஒத்துழைக்காவிட்டாலும் ஏறத்தாழச் சரியான சுரம் வந்துவிடும். அந்த வசதியே அந்த வாத்தியத்தைக் கற்பவருக்குப் பெரிய ஆபத்து. விரல் தனக்குப் பழகிய பாதையில் ஓடத் தொடங்கும், காது பின்தங்கும். கேட்பவருக்கு வேகம் மட்டும் தெரியும்.

அதனால்தான் நாயனம் கற்பிக்கும் ஆசான்கள் வாத்தியத்தைக் கையில் கொடுக்கும் முன்பே பாட வைத்தார்கள். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், வர்ணம் எல்லாம் வாயில் நின்ற பிறகே குழலுக்கு வரும். தவில் கற்பவரும் சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுக் காட்டிய பிறகே குச்சியைத் தொடுவார். தோடிக்கு இலக்கணமாக இன்றும் பேசப்படும் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை முதலில் வாய்ப்பாட்டு பயின்றவர். அவருடைய பதிவுகளைக் கேட்டால், ஊதுகிறார் என்பது மறந்து பாடுகிறார் என்றே தோன்றும். நியூயார்க்கில் 1940களிலிருந்து ஜாஸ் கற்பித்த பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோவும் இதையே கட்டாயமாக்கினார். மாணவர் முதலில் லெஸ்டர் யங்கின் சோலோவை இசைத்தட்டோடு சேர்ந்து பாட வேண்டும். பிறகு இசைத்தட்டு இல்லாமல் பாட வேண்டும். அது முழுதாக வாயில் வந்த பின்னரே வாத்தியம். இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. மரியானோ போன்றவர் நாயனத்திடம் ஈர்க்கப்பட்டதற்கு, காதை ஏமாற்ற முடியாத ஒரு குழல் கையில் கிடைத்ததும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது கட்டமைப்பு. வலுவற்ற சோலோவுக்கு ஓர் அடையாளம் உண்டு: முதல் அரை நிமிடத்திலேயே வாசிப்பவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நல்ல நாயனக்காரர் கரகரப்பிரியாவைத் தொடங்கும்போது கவனியுங்கள். சட்சத்தில் நிற்பார். ரிஷபத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். கரகரப்பிரியாதான் என்று கேட்பவருக்குத் தெரியப்படுத்த ஒரு பிடி போதும், அதைக் கொடுத்துவிட்டு மத்திய ஸ்தாயியின் கீழ்ப்பாதியில் நிதானமாக உலாவுவார். பஞ்சமத்துக்கு வந்து அதைச் சுற்றிச் சுற்றி வருவார். தைவதம், நிஷாதம் என்று ஏறி, மேல் சட்சத்தைக் காட்டாமல் இரண்டு மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்புவார். கேட்பவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது மேல் சட்சத்தில் கார்வையாக நிற்பார். வேகப் பிருகாக்கள் அதற்குப் பிறகுதான். இறங்கி வருவதற்கும் அதேபோல ஒரு ஒழுங்கு உண்டு.

ஜாஸில் இதற்கு இணையான சாட்சி, சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1956-இல் பதிவு செய்த ‘புளூ செவன்’. இசை ஆய்வாளர் குந்தர் ஷுல்லர் 1958-இல் இந்தச் சோலோவைப் பற்றி எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. தொடக்கத்தில் வரும் ஒரு சிறு தொடரை ராலின்ஸ் கைவிடாமல், உடைத்து, திருப்பி, இடைவெளி விட்டு, நீண்ட சோலோவையே அதிலிருந்து எழுப்பினார் என்று ஷுல்லர் காட்டினார். இதே ராலின்ஸ், புகழின் உச்சியில் இருந்தபோது 1959 முதல் 1961 வரை கச்சேரிகளை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று நாள்தோறும் பல மணி நேரம் தனியாக ஊதிப் பயிற்சி செய்தார். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாத, நேரத்துக்குக் கணக்கு இல்லாத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது.

நாயனக்காரருக்கு அந்த இடத்தைக் கோயில் வீதி கொடுத்தது. சுவாமி புறப்பாடு மல்லாரியோடு தொடங்கும். கம்பீர நாட்டையில், சாகித்தியம் இல்லாமல், தவிலோடு பின்னிப் போகும் உருப்படி அது. பிறகு வீதி முழுக்க ராக ஆலாபனை. ஊர்வலம் எங்கே நிற்கும், எப்போது நகரும், எந்த வாசலில் அர்ச்சனை நீளும் என்பது வாசிப்பவர் கையில் இல்லை. சுவாமி நகரும்வரை ராகம் நிற்கக் கூடாது. ஒரு தோடியை மணிக்கணக்கில் வாசிக்கும் கலை இந்தக் கட்டாயத்திலிருந்துதான் வளர்ந்தது. மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தால், மூன்று நிமிடத்துக்கான கற்பனையே வளர்ந்திருக்கும்.

மலாக்காவுக்கு இந்த வீதி உண்டு, அதுவும் பழைய வீதி. ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் கிடைத்த நிலத்தில் மலாக்கா செட்டிச் சமூகத்தார் எழுப்பியது. மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பக்கத்தில் காஜா பெராங்கில் செட்டிக் கிராமமும் அதன் மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. வீட்டுப் பேச்சில் தமிழை இழந்து மலாய்க்கு மாறிய பிறகும் சைவ வழிபாட்டை விடாமல் காத்துவந்த சமூகம் அது. மாசி மகத்தன்று விநாயகர் கோயிலிலிருந்து முருகப் பெருமான் ரதத்தில் புறப்பட்டு செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் சன்னிதிக்குச் செல்கிறார். சாலையில் நீண்ட நேரம் நகரும் அந்த ஊர்வலத்தைவிட நல்ல மனோதர்மப் பள்ளி ஒரு வாத்தியக்காரருக்குக் கிடைக்காது.

நகரத்துக்கு வெளியே தோட்டங்கள். தான் சாய் யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டமாகக் கருதப்படுகிறது. அதைத் தொடர்ந்து புக்கிட் அசகான். பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரக் காடும் லயங்களும், லயங்களுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயிலும். ஆண்டுத் திருவிழாவுக்கு வெளியிலிருந்து மேளம் வரும். பால்மரம் வெட்டும் வேலைக்கு விடியுமுன் எழ வேண்டிய மக்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன, பல நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். கோயில்கள் கூடவே வந்தன. இரவெல்லாம் கேட்கும் பழக்கம் வரவில்லை.

இந்தச் சூழலில் வளர்ந்த ஒரு பிள்ளை ஜாஸ் வாசிக்க விரும்பினால் எங்கே தொடங்கலாம்? நான் பரிந்துரைப்பது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டில் வெளியிட்ட ‘சோ வாட்’. காரணம் இருக்கிறது. ‘பார்’ எனப்படும் 32 அளவுகள் கொண்ட அந்த உருப்படியில் முதல் 16 அளவுகளுக்கு ஒரே சுரவரிசைதான், மேற்கத்தியர் டோரியன் என்பார்கள். ஆரோகண அவரோகணமாகப் பார்த்தால் அது நம் கரகரப்பிரியா: சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம். கரகரப்பிரியா ஆலாபனையைக் காதில் வாங்கி வளர்ந்தவருக்கு அந்த 16 அளவுகளில் பேச நிறைய இருக்கும். பஞ்சமத்தில் நிற்கலாம், ரிஷபத்தில் நிற்கலாம், மேல் சட்சத்தைத் தள்ளிப் போடலாம்.

பதினேழாவது அளவில் சோதனை வருகிறது. அங்கே முழுச் சுரவரிசையும் அரைச் சுரம் மேலே நகர்ந்துவிடும். எட்டு அளவுகளுக்குப் பிறகு பழைய இடத்துக்கே திரும்பும். நம் முறையில் ஆதார சட்சம் அசையாது. சுருதிப் பெட்டி கச்சேரி முடியும்வரை ஒரே சட்சத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். சட்சமே இடம் மாறும் அனுபவம் நம் காதுக்குப் பழக்கமில்லை. கர்நாடக இசை தெரிந்தவர்கள் ஜாஸுக்குப் போகும்போது தடுமாறுவது இங்கேதான். இதை மூடி மறைத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று பேசுவது கற்பவருக்குச் செய்யும் தீங்கு. கார்டுகள் எனப்படும் சுரக் கூட்டுகள் அளவுக்கு அளவு மாறும் பாடல்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பியானோவின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டையும் அழுத்தி, அதிலுள்ள சுரங்களை ஒன்றொன்றாகப் பாடிப் பழக வேண்டும். ஆனால் பழகும் முறை அதே முறைதான். வாயில் வந்தது விரலுக்கு வரும்.

புளூஸ் இன்னும் எளிய வாசல். சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் புளூஸுக்கு அடித்தளமான ஐந்து சுரங்களும் ஒன்றே. புளூஸ்காரர் பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சுரத்தைக் கூடுதலாகத் தொட்டு வழுக்குவார். காந்தாரத்தைக் கொஞ்சம் மேலே இழுப்பார். பன்னிரண்டு அளவில் ஒரு சுற்று முடியும். இங்கே வழுக்குவதற்கும் இழுப்பதற்கும் ராகத்தின் கமகத்தைச் செய்யக் கூடாது, புளூஸ் பாடகரின் குரலைக் கேட்டு அதை வாங்க வேண்டும். இரண்டு இசையின் சுரவரிசை ஒன்றாக இருந்தாலும் நடை வேறு. சுரத்தை மட்டும் பார்த்து உறவு கொண்டாடிய கலப்பிசை முயற்சிகள் பல சோர்ந்து போனதற்கு இதுவே காரணம்.

மெட்டை எப்படி விரிப்பது என்பதற்கு லீ கோனிட்ஸ் ஒரு முறை சொன்னார். டிரிஸ்டானோவின் மாணவர், ஆல்டோ சாக்ஸபோனில் பெரும் கலைஞர். தெரிந்த பாடல் ஒன்றை எடுத்துக்கொள். முதலில் மெட்டை அப்படியே, ஒரு அலங்காரமும் இல்லாமல் வாசி. அடுத்த சுற்றில் ஓரிரு சுரம் மட்டும் மாற்று. அதற்கடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். பத்துப் படிகளில் மெட்டு முழுக்கப் புதிதாகிவிடும், ஆனால் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து பிறந்திருக்கும். கீர்த்தனையின் பல்லவியைச் சங்கதி சங்கதியாக வளர்ப்பதும், ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வதும் இதே அறிவுதான். நம் பிள்ளைகளுக்குப் பல்லாயிரம் சினிமாப் பாட்டு தெரியும். ஒரே ஒரு பாட்டை எடுத்து இந்தப் பத்துப் படிகளில் ஒரு மாதம் செலவழித்தால், இணையத்தில் ‘லிக்’ எனப்படும் சிறு தொடர்கள் ஆயிரம் பார்த்துக் கற்பதைவிட அதிகம் கிடைக்கும்.

தாளத்தில் நமக்கு உள்ள செல்வத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் சோலோ சரிவது பெரும்பாலும் சுரத்தில் அல்ல, இடத்தில். கற்பனாசுரம் வாசிப்பவர் எங்கே சுற்றினாலும், பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். ஆதி தாளத்தில் எடுப்பு அரை இடம் தள்ளியிருந்தால் அந்த அரை இடத்துக்கே வர வேண்டும். குறைப்பு என்ற பகுதியில் நாயனக்காரர்கள் இருவர் இரண்டு ஆவர்த்தனம், ஒரு ஆவர்த்தனம், அரை, கால் என்று மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே போய், கோர்வையில் ஒன்றுசேர்ந்து முடிப்பார்கள். ஜாஸில் வாத்தியக்காரர்கள் நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசிப்பதும், சில சமயம் அது இரண்டுக்கு இறங்குவதும் இதனோடு நெருங்கிய உறவுடையவை. வலு எங்கே பிறக்கிறது என்பது இங்கே வெளிப்படையாகத் தெரியும். முன்னவர் விட்ட கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குபவர் உரையாடுகிறார். தான் தயார் செய்து வைத்ததை வாசிப்பவர், எத்தனை வேகமாக வாசித்தாலும், அந்த உரையாடலுக்கு வெளியே நிற்கிறார்.

மலாக்கா இளைஞர்களுக்கு இந்த உரையாடல் தெரியாததல்ல. உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். காவடி ஆடுபவருக்கு அருள் வருவதும் போவதும் அறிந்து நடையை மாற்றுகிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை முனக வைப்பவர் ஒரு மாற்றத்தைக் கோடி காட்டினால், பம்பை அடுத்த சுற்றிலேயே பதில் சொல்கிறது. எழுதி வைத்த தாள் கிடையாது, கண்ணும் காதும்தான். உறுமி மேளத்தைச் சத்தம் என்று ஒதுக்கும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனோதர்மத்தின் பாதிப் பாடம் அங்கே உயிரோடு இருக்கிறது. ராகம் என்ற மறுபாதி அந்தப் பிள்ளைகளுக்கு யாராலும் கொடுக்கப்படவில்லை. உறுமி வாசிக்கும் ஒரு பையன் கைக்கு ஒரு சாக்ஸபோனோ நாயனமோ வந்து, ஒரு வருடம் பாடிப் பழக ஓர் ஆசிரியரும் கிடைத்தால், அவன் சோலோவில் தாளம் தவற வாய்ப்பே குறைவு.

இந்தப் பாதையில் நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் கத்ரி கோபால்நாத் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்ஸபோனைக் கண்டு, அதைக் கர்நாடக இசைக்கு ஏற்பப் பல ஆண்டு உழைத்து வசப்படுத்தினார். மரியானோ சாக்ஸபோனிலிருந்து நாயனத்துக்குப் போனார், இவர் நாயனத்திலிருந்து சாக்ஸபோனுக்கு வந்தார். கத்ரியும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ 2008-இல் வெளிவந்தது. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள், ஒன்றில் ஆலாபனையின் நிதானம், மற்றதில் ஜாஸின் பதற்றம். இருவரும் அவரவர் மொழியை விட்டுக்கொடுக்காமல் பேசுவதே அந்தப் பதிவின் பலம். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், ராணிப்பேட்டையைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் பிரசன்னாவோடும் தபலா கலைஞர் நிதின் மித்தாவோடும் 2011-இல் வெளியிட்ட ‘தீர்த்தா’வையும் கேட்க வேண்டும். கற்பவர் இவற்றில் எதையும் பின்னணியாக ஓடவிட்டுப் பயனில்லை. ஒரு சோலோவை எடுத்து, அரை நிமிடம் அரை நிமிடமாக வாயில் வரும்வரை பாட வேண்டும்.

கோலாலம்பூரில் ஓர் அயல்நாட்டு ஆசிரியருக்குக் கேட்டது நமக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்குக் கோயில்களில் நாம் வைத்திருக்கும் ஏற்பாடு ஒரு காரணம். மலேசியக் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்களில் பலர் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வருபவர்கள். ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு வந்து, பூசை நேரத்துக்கு வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் பலர் பரம்பரை பரம்பரையாகப் பயின்ற வித்துவான்கள். நாம் கேட்பதோ மங்கள வாத்தியத்துக்கான சில நிமிடங்களும், தாலி கட்டும் நேரத்துக் கெட்டி மேளமும், இரண்டு சினிமாப் பாட்டும். மற்ற நேரத்தில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு ஓடுகிறது. அந்தக் கலைஞர் எந்த ராகத்தை விரும்பி வாசிப்பார் என்று கேட்டவர் எத்தனை பேர்? இங்கேயே பிறந்து நாயனம் கற்ற இளைஞர்களுக்கு நீண்ட நேரம் வாசிக்க இடம் கொடுக்காவிட்டால், அவர்களும் இரண்டு சினிமாப் பாட்டோடு நின்றுவிடுவார்கள்.

மலாக்கா மாநிலக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் ஒரு மாலை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு நாயனத்துக்கும் தவிலுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அவர்கள் விரும்பிய ராகத்தை விரும்பிய நீளத்துக்கு வாசிக்கட்டும். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இசை பயிலும் பிள்ளைகளையும் உறுமிக் குழுப் பையன்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். வாசிப்பு முடிந்ததும் அந்தக் கலைஞரிடம், இந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் பாடம் சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள். அதற்கு உரிய ஊதியத்தை விழாக் கணக்கிலேயே ஒதுக்குங்கள். சாக்ஸபோனோ கீபோர்டோ கற்கும் தம்பி தங்கைகளே, அந்த வகுப்புக்கு உங்கள் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் சில மாதங்கள் உங்கள் குரல் போதும்.